பங்குனியில் அக்கா வருவாள்

ஜாடியின் வாயில் கட்டியிருந்த வேஷ்டித் துணியை அக்கா அவிழ்த்தாள். மர அகப்பையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு புரட்டு புரட்டினாள். நாலு நாளாக உப்பில் கிடந்த வடுக்கள் சுருங்கித் தண்ணீர் விட்டிருந்தன. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் மொண்டு எடுத்தாள். பின்கட்டு முழுக்க மாவடு வாசனை. நானும் என் மனைவி வசந்தாவும் வழக்கம்போல் வாய் திறக்காமல் பக்கத்தில் நின்றோம்.

வழக்கம் என்னவென்றால், அக்கா சுண்டுவிரலைத் தோய்த்து நாக்கில் வைத்துக்கொள்வாள். கண்ணை மூடுவாள். பிறகு "இன்னும் ஒரு பிடி" என்றோ "போறும்" என்றோ தீர்ப்பு வரும். மேல்முறையீடு கிடையாது.

அன்றைக்கு அகப்பையை வசந்தா பக்கம் நீட்டினாள்.

"நீ பாத்துச் சொல்லு."

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"நானா அக்கா?"

"பின்னே, அவனா? அவனுக்கு உப்புக்கும் சீனிக்கும் வித்தியாசம் தெரியுமோ? நீ பாருடி."

வசந்தா விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். பரீட்சை ஹாலில் உட்கார்ந்தவள் மாதிரி முகம் வேர்த்துவிட்டது. "கொஞ்சம்... கம்மியா இருக்கோன்னு தோண்றது" என்றாள்.

அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கல்லுப்பு ஒரு பிடி அள்ளிப் போட்டாள். துணியைக் கட்டினாள். எழுந்து போய்விட்டாள்.

மத்தியானம் அக்கா கண்ணயர்ந்ததும் வசந்தா என்னைத் துணி உலர்த்தும் கொடிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"கேட்டேளா? உங்க அக்கா என்னை உப்பு பாக்கச் சொன்னா."

"நான் பக்கத்துலதானேடி நின்னுண்டிருந்தேன்!"

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இதான் முதல் தடவை. மனசு இளகிடுத்து அவாளுக்கு."

ஆமாம் என்றேன். எங்கள் வீட்டு நாத்தனார் சண்டை சமாதானத்தில் முடிந்துவிட்டதாக இருவரும் முடிவு கட்டினோம். அன்று சாயங்காலம் வசந்தா கேசரிகூடக் கிளறினாள். அசடுகள் இரண்டு பேரும்.

இன்னும் இடியவில்லை

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் தோட்டத்து நாவல் மரத்தைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், "அடையாறில் இன்னுமா தோட்டத்தோடு வீடு இருக்கிறது? இடிக்கவில்லையா?" என்று விசாரித்துப் பல பேர் கூப்பிட்டுவிட்டார்கள். இடிக்கவில்லை ஐயா. வீடும் இடியவில்லை, நானும் இன்னும் இடியவில்லை. மூட்டு மட்டும் கொஞ்சம் தகராறு.

மூன்று பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. நடுவில் நாங்கள் ஒரு பச்சைப் பள்ளத்துக்குள் இருக்கிறோம். மேல் மாடிக்காரர் ஒருவர் மாசிக் கடைசியில் போன் செய்வார். "சார், உங்க மாமரத்துல எங்க பக்கம் கொத்துக் கொத்தா வடு விட்டிருக்கு. கீழேர்ந்து உங்களுக்குத் தெரியாது" என்பார். என் மரத்தைப் பற்றி எனக்கே துப்புச் சொல்லும் நல்ல மனிதர்.

அந்தத் தோட்டத்துக்கென்று ஒரு பஞ்சாங்கம் உண்டு. சுவரில் மாட்டும் காலண்டரைவிட அது நம்பகமானது.

மார்கழியில் பவழமல்லி. விடிந்து கதவைத் திறந்தால் தரை தெரியாது. பொறுக்கப் பொறுக்க விரல் நுனியெல்லாம் காவி ஏறும். தை பிறந்ததும் மாமரம் பூக்கும். அப்போது தேன்சிட்டுகளுக்குக் கொண்டாட்டம், அடியில் நிற்கும் காருக்குத் திண்டாட்டம். பூவிலிருந்து பிசின் மாதிரி ஒன்று சொட்டிக் கண்ணாடியெல்லாம் பிசுபிசுக்கும்.

பங்குனியில் வடு. சித்திரையில் வேப்பம்பூ. பழைய நூல்புடவையை மரத்தடியில் விரித்துவிட்டுப் படுத்தால், காலையில் ஒரு முறம் பூ விழுந்திருக்கும். எது பழைய புடவை என்பதில் எனக்கும் வசந்தாவுக்கும் வருஷா வருஷம் ஒரு யுத்தம். ஒரு தடவை நான் விரித்தது அவள் அம்மா தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த சுங்குடி. அதைப் பற்றி இங்கே எழுதினால் இன்னொரு யுத்தம் வரும்.

வைகாசியில் பலா. அதை யாரும் ஒளித்துத் தின்ன முடியாது, வாசனை தெருக்கோடிக்குப் போய்ச் சொல்லிவிடும். ஆனியில் நாவல், வாயெல்லாம் ஊதா. ஐப்பசியில் மழை. தவளைகள் கச்சேரி வைக்கும். மரவட்டைகள் குளியலறைக்கு வந்து நமக்கு முன்னால் குளித்துக்கொண்டிருக்கும். கார்த்திகையில் சுற்றுச்சுவர் நெடுக அகல். காற்று அதை அணைக்கும், வசந்தா ஏற்றுவாள், காற்று அணைக்கும்.

இத்தனையிலும் எங்கள் வீட்டுக்குத் திருவிழா என்றால் பங்குனிதான். பங்குனியில் அக்கா வருவாள்.

கெட்டுப்போன ஜாடி

என் அக்கா ஜானகி என்னைவிட எட்டு வயது மூத்தவள். கல்யாணமாகிப் பூனா போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். அத்திம்பேர் காலமான பிறகு மகள் சுஜா வீட்டில் இருந்தாள். தீபாவளிக்கு வரமாட்டாள், பொங்கலுக்கு வரமாட்டாள். வடு போட மட்டும் தவறாமல் வருவாள். ரயிலை விட்டு இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "மரம் எப்படி இருக்கு?" என்பது. நான் எப்படி இருக்கிறேன் என்பதெல்லாம் காபிக்குப் பிறகுதான்.

மரமேற வருகிற தேவராஜ் சைதாப்பேட்டைக்காரன். மாசி முடியும்போதே வாசலில் வந்து நிற்பான்.

"இன்னா சார், அக்கா எப்போ வர்றாங்கோ? வடு முத்திக்கினு போவுது. அப்பால கல்லு மாரி ஆயிடும், என்னிய குத்தம் சொல்லக் கூடாது."

"ரிசர்வேஷன் ஆயிடுத்து, இரு."

"மரத்துக்கு ரிசர்வேசன்லாம் தெரியுமா சார்?"

நியாயமான கேள்வி. ஆனாலும் அக்கா வராமல் எங்கள் வீட்டில் ஒரு வடு ஜாடிக்குள் போகாது. அதற்குக் காரணம் கைராசி.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் மாதிரிக் குடும்பங்களில் ஊறுகாய்க்கு ஒரு கை உண்டு. குறிப்பிட்ட ஒருத்தி கை வைத்தால்தான் கெடாது. மற்றவர்கள் அதே உப்பை, அதே விளக்கெண்ணெயை, அதே கடுகை, அதே அளவில் போட்டாலும் பூஞ்சாணம் பூக்கும். எந்தக் கை என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். எப்படியோ தீர்மானமாகிவிடும். ஒருதரம் ஆகிவிட்டால் ஜன்மத்துக்கும் மாறாது.

எங்கள் அம்மாவுக்குப் பிறகு அந்தக் கை அக்காவின் கை.

வசந்தா கல்யாணமாகி வந்த அடுத்த வருஷம், அக்காவுக்குப் பிரசவம். வர முடியவில்லை. வசந்தா ஆசையாகத் தானே ஒரு ஜாடி போட்டாள். சித்திரையில் கோடை மழை ஒன்று கொட்டியது. ஸ்டோர் ரூம் ஓடு ஒழுகியது. ஜாடி மேலெல்லாம் வெள்ளைப் படலம். அக்கா பிறகு வந்தபோது விஷயம் கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பரவாயில்லைடி வசந்தா. சிலபேருக்கு அந்தக் கை இருக்காது. தப்பில்லை."

போச்சு. அன்றோடு வசந்தாவின் கை ஊறுகாய்க்கு ஆகாத கை. ஓடு ஒழுகியதைப் பற்றி யாரும் பேசவில்லை. நாத்தனாருக்கும் மனைவிக்கும் நடுவில் வாய் திறந்து பிழைத்த ஆண்பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை, ஆகையால் நானும் பேசவில்லை.

இதில் வேடிக்கை, வசந்தா பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். சோடியம் குளோரைடு என்ன செய்யும், ஏன் செய்யும் என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். வீட்டிலோ வருஷா வருஷம் பங்குனியில் வடுவை அலம்பித் துடைத்து எடுத்துக் கொடுப்பதோடு அவள் வேலை முடிந்தது. ஜாடி பக்கம் வந்தால், "நீ தள்ளி நில்லுடி, கை பட்டுடப் போறது" என்பாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

வசந்தாவும் சிரிப்பாள். பிறகு சமையலறையில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாக விழும்.

இப்போது புரிகிறதல்லவா, அந்த அகப்பை அவள் பக்கம் நீண்டது எவ்வளவு பெரிய சமாசாரம் என்று?

பல்லு கூசறதுடா

அந்தத் தடவை அக்கா இருந்த நாட்களை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எல்லாம் கண்ணெதிரே நடந்தது. எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

பிஞ்சு வடுவைக் குறுக்கே நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தின்பது எங்கள் இருவருக்கும் சின்ன வயதிலிருந்து பழக்கம். தட்டை நீட்டினேன். அக்கா கையை ஆட்டினாள்.

"வேண்டாண்டா ரகு. பல்லு கூசறது."

"உனக்கா? நீ தேங்காயையே பல்லால உரிக்கறவளாச்சே!"

"வயசாச்சுடா. நீ தின்னு. நான் பாக்கறேன்."

உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டுக்கு நறுக் நறுக்கென்று தட்டைக் காலி செய்தேன்.

தயிர் சாதத்துக்கு எதுவும் தொட்டுக்கொள்ளவில்லை. வெயில் அப்படிக் கொளுத்தியும் தண்ணீரை ஒரே ஒரு சின்னத் தம்ளரில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். கிணற்றுத் துவைகல் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பாதம் வீங்கியிருந்தது. ரயிலில் காலைத் தொங்கப்போட்டு வந்ததால் என்றாள். "மகாராணிக்குச் சாமரம் வீசவா?" என்று கேட்டு நான் கேலி செய்தேன்.

மற்றபடி அக்கா அக்காவாகத்தான் இருந்தாள். குயில் கூவினால் எதிர்க்குரல் கொடுப்பது அவளுடைய பழைய விளையாட்டு. அது ஒரு ஸ்தாயி ஏற்றும், இவளும் ஏற்றுவாள். கடைசியில் குயிலுக்குக் கோபம் வந்து கெக்கெக்கென்று கத்திக்கொண்டு பறந்துபோகும். அந்த வருஷமும் ஒரு குயிலை அடையாறை விட்டே துரத்தினாள். தேவராஜ் மரத்து மேலிருந்து, "அக்கா, வுட்ருங்க, பாவம், பொண்டாட்டி தேடிக்கினு வந்துகீது!" என்று கத்தினான். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

கடல் காற்று கிளம்பும் சாயங்கால வேளையில், பங்குனிக் கடைசியிலேயே முந்திப் பூத்துவிட்ட வேப்பம்பூ எங்கள் மூன்று பேர் தலையிலும் உதிரும். யாரும் தட்டிவிட்டுக்கொள்ள மாட்டோம். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய சந்தோஷம் எதையும் நான் கண்டதில்லை. அது சந்தோஷம் என்று அப்போதே தெரிந்திருந்தால் அக்காவை இன்னும் ஒரு பத்து நாள் இருத்தி வைத்திருப்பேன். டிக்கெட்டை மாற்றுவது என்ன பிரமாதம்?

கடுகு அரைத்துச் சேர்த்து, வடு ஊறத் தொடங்கியதும் அக்கா கிளம்பினாள். தினம் ஒருதரம் ஜாடியைக் குலுக்கும் பொறுப்பு வழக்கம்போல் எனக்கு.

ஐப்பசியில் வந்த போன்

வருஷா வருஷம் செய்வதுபோல் சித்திரைக் கடைசியில் ஒரு பெரிய பாட்டில் வடுவைக் கட்டிப் பூனாவுக்கு அனுப்பினேன். சேர்ந்ததும் அக்கா கூப்பிட்டாள்.

"நன்னா வந்திருக்குடா. உப்பு ரொம்பச் சரி. வசந்தாகிட்ட சொல்லு, அவ சொன்ன அந்த ஒரு பிடிதான் தூக்கிக் குடுத்திருக்குன்னு."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வசந்தா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று பாத்திரங்கள் சத்தமே போடவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், மழை பிடித்துக்கொண்ட பகல். வாசலில் தேங்கிய தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தேன். சுஜா கூப்பிட்டாள்.

"மாமா, அம்மாவை ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். டயாலிசிஸ் ஆரம்பிச்சாச்சு."

எனக்குப் புரியவே இல்லை. "என்னடி சொல்றே? எதுக்கு டயாலிசிஸ்?"

"கிட்னி ரெண்டும் போயாச்சு மாமா. ஒரு வருஷமா வைத்தியம் நடக்கறது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிண்டா."

"ஏன்?"

"சொன்னா நீங்க, 'வராதே, அங்கேயே கிட, உடம்பைப் பாத்துக்கோ'ன்னு சொல்லுவேளாம். டாக்டர் விஷயத்தைச் சொன்ன அன்னிக்கே அம்மா கேட்ட ஒரே கேள்வி என்ன தெரியுமோ? பங்குனிக்கு மெட்ராஸ் போலாமான்னுதான்."

விளக்குமாற்றைக் கீழே போட்டேன். உப்பு ஆகாது, ஊறுகாய் ஆகாது, தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். சுஜா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த விஷயம். மாமரத்தடியில் பார்த்தது.

"ஒரு சொட்டு நாக்குல பட்டாலே விட முடியாது, ஜாடியோட உக்காந்துடுவேன்னு அம்மாவுக்கே பயம் மாமா. நாக்கை அவ்வளவு கட்டிண்டு இருந்தா."

"அப்போ நான் அனுப்பின பாட்டில்?"

"மேல் வீட்டு மராத்திக்காராளுக்குக் குடுத்துட்டா. திறந்துகூடப் பாக்கலை."

இதை வசந்தாவிடம் எப்படிச் சொல்வது? மறைக்க எனக்குத் தெரியாது. சொன்னேன். மழையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். உப்பு பார்க்கச் சொன்னது மனசு இளகி அல்ல. ரொம்பச் சரி என்று கொடுத்த சர்ட்டிபிகேட்டும் பொய். அவள் கைக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான், அதுவும் இல்லை என்றாகிவிட்டது.

எனக்கு அவள் மேல் பரிதாபம் வந்தது. அவளோ, "பாவம்னா அவா. எதுத்தாப்ல நாம ரெண்டு பேரும் வழிச்சு வழிச்சுத் தின்னோமே" என்றாள்.

ஜாடி போட்ட வசந்தா

அக்கா இப்போது இல்லை. அவள் இருந்தால் இனி வரப்போவதை எழுதியிருக்க மாட்டேன். சுஜாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பூனாவில் வளர்ந்தவள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அடுத்த பங்குனி வந்தது. அக்கா வர முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாரத்தில் மூன்று தடவை ஊசி, குழாய், அந்த மெஷின். அதை விட்டுவிட்டு ரயில் ஏறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. நான் பூனா போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கை குச்சியாகிவிட்டது. மரம் எப்படி இருக்கு என்று கேட்டாள். வடு விட்டிருக்கு என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் திரும்பி வந்தபின் சுஜா தினமும் போனில் அழுதாள். "இனிமே ஊசி குத்திக்க மாட்டேங்கறா மாமா. போறும், விட்டுடுங்கோ, எதுக்கு இதெல்லாம்னு கேக்கறா. போன தடவை ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்து திரும்பிப் போச்சு."

இந்தக் கலவரத்தில் வடுவை யார் நினைத்தார்கள்? தேவராஜ் நினைத்தான். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மரமேறிக் கூடை கூடையாக இறக்கிவிட்டான்.

"அக்கா வர்லன்றதுக்காக மரம் காய்க்காம இருக்குமா சார்? காத்துல எல்லாம் உதிந்துகினு கீது. மனசு கேக்கல."

வசந்தா கூடைகளைப் பார்த்தாள். ஒரு முழு நாள் அவற்றைத் தொடவில்லை. மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். காம்போடு ஒவ்வொன்றாக அலம்பினாள், ஈரம் போகத் துடைத்தாள், விளக்கெண்ணெய் புரட்டினாள், உப்பு போட்டாள். நாலாம் நாள் சுண்டுவிரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

கடுகு அரைத்துச் சேர்த்து ஊறிய பிறகு எப்படி வந்தது தெரியுமா? அக்கா மன்னிக்க வேண்டும், அக்கா போட்டதைவிட ஒரு மாற்று உசத்தி. கடித்தால் நறுக்கென்றது. கடுகின் காரம் மூக்கில் ஏறி இறங்கியது. வசந்தா ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். எத்தனையோ வருஷத்துக் கோபம் அந்த முகத்திலிருந்து இறங்கியதை நான் பார்த்தேன்.

"அக்காகிட்ட நானே சொல்லட்டுமா?" என்றாள். சின்னப் பெண் மாதிரி கேட்டாள்.

"சொல்லேன். பேஷா சொல்லு."

ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு அகப்பையால் புரட்டிக்கொண்டிருந்தபோதே போன் வந்தது. சுஜா போனை அக்காவின் காதில் வைத்தாள். அக்கா குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"வடு என்னாச்சு? உதுந்து போச்சா?"

"இல்லை அக்கா. போட்டாச்சு."

"யாரு போட்டா?"

"நான்தான்."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "எப்படி வந்திருக்கு?" என்று ஒரு முனகல்.

வசந்தா ஜாடியைப் பார்த்தாள். விரலெல்லாம் காரத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னை ஒருதரம் பார்த்தாள்.

"கெட்டுப் போச்சு அக்கா. மேலெல்லாம் பூத்துடுத்து."

நான் வாயைத் திறந்தேன். வசந்தா அகப்பையை ஓங்கினாள். மூடிக்கொண்டேன்.

"நான் சொன்னேனோல்லியோ!" அக்காவின் குரல் எங்கிருந்தோ எழும்பிக்கொண்டு வந்தது. "உனக்குத்தான் ஆகாதுன்னு தெரியுமே, ஏண்டி அதுல கையை வெச்சே? உப்பு எத்தனை போட்டே? ஈரத்தோட தொட்டிருப்பே. துணி கட்டினியா, இல்லே பிளாஸ்டிக் மூடியைப் போட்டு அமுக்கினியா?"

வசந்தா ஒவ்வொன்றுக்கும் தப்பான பதிலாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அக்கா விளாசித் தள்ளினாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. பின்னால் சுஜா, "போறும்மா, போறும்மா" என்று கெஞ்சுவது கேட்டது.

"அத்தனையையும் கொட்டிடு. மாமரத்தடியில கொட்டாதே, உப்பு வேருக்கு ஆகாது. அடுத்த பங்குனிக்கு நானே வரேன். இந்த ஊசிக் குத்தலையெல்லாம் முடிச்சுண்டு வரேன். அதுவரைக்கும் நீ ஜாடியைத் தொடப்படாது, ஆமாம்."

"தொடலை அக்கா."

போனை வைத்ததும் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "ஏண்டி, உனக்கென்ன பைத்தியமா? எத்தனை வருஷமா இதுக்குக் காத்திண்டிருந்தே!"

"நன்னா வந்திருக்குன்னு சொன்னா, அப்புறம் அவா எதுக்கு வரணும்?" என்றாள் வசந்தா. ஜாடியின் துணியை இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் ஆம்புலன்ஸ் வரும் முன்னாலேயே அக்கா தலை வாரிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாளாம். சுஜா ஆச்சரியப்பட்டுச் சொன்னாள். அதன் பிறகு ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. ஆடியில் ஒரு காலை, மெஷினில் இருக்கும்போதே நெஞ்சு நின்றுவிட்டது.

பூனா போய்க் காரியங்களெல்லாம் முடித்தோம். எல்லோரும் கிளம்பிய பிறகு சுஜா எங்கள் இருவருக்கும் மோர் சாதம் பரிமாறினாள். கடையில் வாங்கிய ஊறுகாய் பாட்டிலை மேஜை மேல் வைத்தாள். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அம்மா கடைசி வரைக்கும் உங்க வடுவைப் பத்தித்தான் மாமி புலம்பிண்டிருந்தா. ஊசி குத்தற நர்ஸ்கிட்டயெல்லாம் இந்தியில சொல்லுவா, எங்காத்துல என் தம்பி ஆம்படையாளுக்கு ஊறுகாய் போட வராது, நான் போயே ஆகணும், சீக்கிரம் சரிபண்ணுங்கோன்னு. அந்த ஒண்ணை வெச்சுண்டுதான் இத்தனை நாள் ஓட்டினா." கண்ணைத் துடைத்துக்கொண்டு வசந்தாவைப் பார்த்தாள். "ஏன் மாமி, அம்மா இருக்கறச்சயே அதைச் சரியா கத்துண்டிருக்கப்படாதோ நீங்க?"

எங்கள் ஸ்டோர் ரூமில் அந்த ஜாடி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. ஒரு பொட்டுப் பூஞ்சாணம் இல்லை. நான் சொல்லிவிடலாமென்று நிமிர்ந்தேன். மேஜைக்கு அடியில் வசந்தாவின் கை என் முழங்காலை அழுத்தியது.

"அம்மா எவ்வளவோ சொல்லிக் குடுத்தாடி சுஜா" என்றாள். "எனக்குத்தான் அந்தக் கை இல்லை."